தச்சுநூலும் தச்சன் கையும்



மக்கள் வாழ்வில் மரத்தின் துணையின்றி நிகழும் செயல் மிகச் சிலவே. மகவு கிடக்கும் தொட்டிலும், மணமக்கள் அமரும் மணைப்பலகையும், உழவன் பிடிக்கும் மேழியும், இல்லத்தைக் காக்கும் கதவும், இறைவன் உலாவரும் தேரும் ஆகிய எல்லாம் தச்சன் கைப்பட்டே பயன்பட்டன. இவற்றை நினைந்து நம் குலத்தின் பெருமையை நம்மவர் பலகாலும் பேசியும் எழுதியும் வந்திருக்கின்றனர். அப்பெருமையை மீண்டும் எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் கையினின்று ஓசையின்றி நழுவிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப்பற்றி, அதன் வரலாற்றை முன்வைத்து, நம்மவரோடு கலந்து பேசுதலே எம் கருத்தாகும்.

சென்ற ஆண்டு ஒருநாள் எம் மாணவர்க்குப் புறநானூற்றின் 87 ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். தகடூர் அதியமானின் ஆற்றலை ஔவையார் பகைவர்க்கு எடுத்துரைக்கும் பாட்டு அது. நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் இயற்றவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்து முடித்த ஒற்றைச் சக்கரத்திற்கு ஆண்டு அதியமான் ஒப்பிடப்படுகின்றான். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஒரு நாளில் எட்டுத் தேர் செய்கிறவருக்கு ஒரு சக்கரம் செய்ய மாதம் முழுதும் எதற்கு?" என்று வினவினான். உவமையின் நயத்தை விரித்துரைத்தோம். அவன் அமைந்தான் அல்லன். உண்மையுரைப்பின், எமக்கும் அமைதி பிறக்கவில்லை. எந்தையார் வாய்ச்சி பிடித்துப் பிழைத்தவர். எம்மைத் தமிழுக்கு ஒப்புவித்தார். பாட்டின் சொல்லனைத்தும் அறிந்திருந்தும், பாட்டிலுள்ள சக்கரத்தை யாம் அறியாதிருந்தோம்.

அன்று மாலை நெமிலியில் எம் தெருக்கோடியிலுள்ள முதிய தச்சர் ஒருவரிடம் சென்று அவ்வினாவை வைத்தோம். வயது எழுபதைக் கடந்தவர்; வண்டிச் சக்கரம் செய்த கடைசித் தலைமுறையினர். அவர் சொன்னதன் சாரம் இது. சக்கரத்திற்குக் குடம், ஆரக்கால், வட்டை என உறுப்பு மூன்று. நடுவிலுள்ள குடத்திற்கு வெடித்துப் பிளவாத மரம் வேண்டும். ஆரக்காலுக்கு நெடுக்கே நேராக இழையோடிய வைரம் வேண்டும். வட்டைக்கு மரத்தின் வளைவறிந்து வெட்டிய துண்டுகள் வேண்டும். ஈரம் உலராத மரத்தில் துளையிடின், உலர்ந்தபின் துளை தளர்ந்து ஆரக்கால் ஆடும். மரம் நெடுக்குவாட்டிற் சுருங்குவது மிகச் சிறிது; குறுக்குவாட்டிலேயே சுருக்கம் மிகுதி. அக்குறுக்கிலும், ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து புறம்நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இருமடங்காகும். இதனை அறியாது கூட்டிய சக்கரம் ஒரு கோடையைத் தாங்காது. எல்லாம் கூட்டியபின் கொல்லர் இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவினும் சற்றுக் குறைவாக வளைத்து, தீயிற் காய்ச்சி விரியச் செய்து பூட்டி, நீர் வார்ப்பர். பட்டை குளிர்ந்து சுருங்குங்கால் மூட்டனைத்தும் இறுகிவிடும்.

இவ்வளவும் கூறிய பெரியவர், "தம்பி, என் கை வேலை கொஞ்ச நாள்தான், மரம் காத்திருக்கிற நாள்தான் அதிகம்" என்று முடித்தார். ஔவையார் குறித்த ஒரு திங்களின் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று. ஏட்டிலிருந்த பாட்டும் தெருக்கோடியிலிருந்த கையும் எத்துணைக் காலம் ஒன்றையொன்று காணாதிருந்தன என்ற எண்ணமும் அன்றே எழுந்தது. அவ்வெண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

நிற்க. மரவினையின் தொன்மையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் நெமிலி வட்டத்திலேயே மகேந்திரவாடி என்னும் ஊர் உளது. ஏறக்குறைய 1400 ஆண்டுகட்குமுன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஆண்டுள்ள ஒற்றைப் பாறையைக் குடைந்து மகேந்திர விஷ்ணுகிருகம் என்னும் கோயிலை அமைத்தான். அதன் தூண்களை உற்றுநோக்குங்கள். மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. சதுரமான மரத்தூணின் நான்கு விளிம்பையும் நடுவிலே வாய்ச்சியாற் செதுக்கித் தள்ளினால் கிடைக்கும் வடிவமன்றோ இது? தூணின் தலையில் இருபுறமும் நீண்டு நிற்கும் போதிகையும் அத்தகையதே. உத்திரத்தின் தாங்கற்ற நீளத்தைக் குறைத்து அது தொய்யாமற் காத்தல் போதிகையின் தொழில். பாறையைக் குடைந்த கோயிலில் உத்திரம் தொய்வது எங்ஙனம்? அங்குப் போதிகைக்கு வேலையே இல்லை. மரக்கட்டடத்திற் பழகிய கண்ணும் கையும் அதனைக் கல்லிலும் விடாது வைத்தன.

இது வெறும் ஊகமன்று. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலுள்ள அதே மன்னனது கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி அக்கோயில் ஆக்கப்பட்டதைப் புதுமையாக எடுத்துக் கூறுகின்றது. அதற்குமுன் கோயில்கள் அந்நான்கும் கொண்டே கட்டப்பட்டன என்பது இதனால் தேற்றம். மாமல்லபுரத்து இரதங்களுள் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலையும், பீம இரதம் வண்டிக்கூண்டு போன்ற மரக்கூரையையும் கல்லிலே காட்டுகின்றன. மரம் அழிந்தது, அதன் வடிவம் கல்லில் எஞ்சியது. கல்தச்சர்க்கு மரத்தச்சர் ஆசிரியராயிருந்தனர் என்று கூறின் அது மிகையாகாது.

இனி நூலை நோக்குவோம். தென்னாட்டில் வழங்கிய வடமொழிச் சிற்பநூல்களுள் மயமதம் தலையாயது. திருவனந்தபுரத்திலிருந்து கணபதி சாஸ்திரியார் 1919 இல் அதனைப் பதிப்பித்தார். வினைசெய்வாரை அந்நூல் நால்வராகப் பகுக்கின்றது. அமைப்பை வகுத்து அனைத்தையும் நடத்துவோன் ஸ்தபதி. நூல்பிடித்து அளப்போன் சூத்திரக்கிராகி. மரமும் கல்லும் வெட்டிச் செதுக்குவோன் தட்சகன். வெட்டியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முடிப்போன் வர்த்தகி. அளவையிலும் அந்நூல் நுண்மை உடையது. எட்டு யவை ஓர் அங்குலம். 24 அங்குலங் கொண்ட முழம் கிஷ்கு. அது வண்டி, கட்டில் முதலியவற்றிற்கு உரியது. 25 அங்குல முழம் பிராஜாபத்தியம். அது விமானத்திற்கு உரியது. 26 அங்குலமுடைய தனுர்முஷ்டி மனைகளுக்கும், 27 அங்குலமுடைய தனுர்க்கிரகம் ஊர் முதலியவற்றை அளப்பதற்கும் விதிக்கப்பட்டன.

மரங்களை இணைக்கும் வகைக்கென்றே மயமதத்தில் தனி அத்தியாயம் உண்டு. நின்ற தூணை நீட்டுவதற்கு ஐந்தும், கிடந்த மரங்களைக் கூட்டுவதற்கு ஐந்துமாக மூட்டுக்கள் அங்குப் பெயர் பெறுகின்றன. மேஷயுத்தம், திரிகண்டம், சௌபத்திரம், அர்த்தபாணி, மகாவிருத்தம் என்பன முன்னவை. மேஷயுத்தம் என்றால் ஆட்டுக்கடாக்களின் போர். தூணின் அகலத்தில் மூன்றிலொரு பங்குள்ள கழுந்தை நடுவில் நிறுத்தி மற்றொன்றின் துளையிற் செலுத்துவது அது. அர்த்தபாணி என்பது இரு மரங்களையும் பாதி பாதியாகக் குறைத்து ஒன்றன்மேலொன்று படியவைத்தல். கிடைமூட்டுக்களுள் ஆறு கழுந்துடையது ஷட்சிகை. மீனின் பல்போன்றது ஜஷதந்தம். பன்றியின் மூக்கை ஒத்தது சூகரக்கிராணம். கடாவும் மீனும் பன்றியும் எந்தப் புலவனுடைய கற்பனையிலும் எழுந்தன அல்ல. மரத்தை முன்வைத்துக் கண்ணாற் கண்டவன் இட்ட பெயர்கள் இவை.

ஈண்டு ஒரு சொல்லை நம்மவர் கருதவேண்டும். கழுந்தை மயமதம் சிகை என்று வழங்குகின்றது, சிகையாவது தலைக்குடுமி. கதவு சுழல்வதற்கு மேலும் கீழும் நீட்டிவிடும் முளையை நம் வீடுகளில் என்னென்று சொல்கிறோம்? குடுமி என்றே சொல்கிறோம். வடமொழி பயிலாத தச்சரும் வாய்ச்சி பிடியாத நூலாரும் ஒரே பொருளை ஒரே கண்ணாற் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். முற்காலத்தில் இவ்விரு திறத்தாரும் ஒரு மரத்தடியில் அமர்ந்து உரையாடியிருத்தல் வேண்டும் என்பதற்கு இச்சொல்லே சான்றாகலாம்.

இனிக் கருவிகளைச் சிறிது நோக்குவோம். கோடரி மரத்தை வீழ்த்தும், வாய்ச்சி அதனைப் பட்டைபிடிக்கும், வாள் அறுக்கும், இழைப்புளி மெருகாக்கும், உளியும் கொட்டாப்புளியும் துளையிடும், துரப்பணம் கயிறும் வில்லுங்கொண்டு சுழன்று முளையாணிக்கு வழிசெய்யும், மூலைமட்டமும் தூக்குக்குண்டும் நேர்மை பார்க்கும். காவி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடிடுவது முதல்வேலை. நம் தச்சர் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு வினைசெய்தனர். நம் நாட்டுப் பழைய கைவாள் தன்பக்கம் இழுக்குங்கால் அறுப்பது. ஐரோப்பிய வாளோ முன்னே தள்ளுங்கால் அறுப்பது. அமர்ந்திருப்பவனுக்கு இழுத்தல் எளிது. உயர்ந்த மேசையருகே நிற்பவனுக்குத் தள்ளுதல் எளிது. ஆதலின் ஒரு கருவியின் வடிவில் அதனைக் கையாண்டவன் அமர்ந்த முறையும் அடங்கியுள்ளது. வெள்ளையர் சிலர் நம்மவர் தரையில் அமர்ந்து காலாற் பிடித்து வேலைசெய்வதைக் கண்டு நகைத்தனர். ஆனால் ஜப்பானியத் தச்சரும் இழுத்தறுக்கும் வாளையே இன்றளவும் கொண்டிருக்கின்றனர். உலகம் அவரைக் கண்டு நகைப்பதில்லை.

இங்ஙனம் நூலும் கருவியும் கையும் இருந்தும் நாம் இழந்தது யாது? நூலும் கையும் பிரிந்தன. அதுவே இழப்பு. தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாயிருந்த ராம் ராஸ் என்பார் மானசாரம் முதலிய ஏடுகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அஃது 1834 இல் இலண்டனில் வெளிவந்தது. ஏட்டிலுள்ள தொழிற்சொற்களுக்குப் பண்டிதரிடம் அவர்க்குப் பொருள் கிட்டவில்லை; தஞ்சைப் பக்கத்துக் கம்மாளச் சிற்பி ஒருவரின் துணையாலேயே பல சொற்கள் விளங்கின. இலக்கணம் கற்றவர்க்குச் சொல் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. தொழில் கற்றவர்க்குப் பொருள் தெரிந்தது, ஏடு படிக்க வாய்க்கவில்லை. 1834 ஆம் ஆண்டிலேயே நிலைமை இது.

அக்காலத்திலேயே எந்திரமும் தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் கப்பற்பாய்க் கயிறுகளுக்கு வேண்டிய மரக்கப்பிகளைச் செய்ய, மார்க் புரூனல் வகுத்த எந்திரங்களை ஹென்றி மாட்ஸ்லி 1802 முதற்கொண்டு செய்தளித்தார். அவற்றுள் ஒன்று மரத்தில் துளையிடுவதற்கென்றே அமைந்தது. 110 தொழிலாளர் செய்த வேலையைப் 10 பேர் செய்தனர்; 1808 இல் ஓராண்டில் ஏறக்குறைய 1,30,000 கப்பிகள் அங்கு உருவாயின. அமெரிக்காவில் லியனார்டு பெய்லி என்பார் அலகை எளிதில் ஏற்றியிறக்கும் இரும்பு இழைப்புளிகளை வகுத்தார். அவருடைய தொழிலை 1869 இல் ஸ்டான்லி கம்பெனியார் விலைக்கு வாங்கினர். இன்று உலகெங்கும் காணும் இரும்பு இழைப்புளி அதன் வழிவந்ததே.

நம் பக்கத்திற்கு எந்திரயுகம் இருப்புப்பாதை வழியே வந்தது. 1856 ஜூலை 1 ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடிற்று. தண்டவாளத்தின்கீழ்க் கட்டைகளும் மரம். பெட்டிகளின் உடலும் மரம். பெரம்பூர்த் தொழிற்சாலையில் மரவேலைக்குப் பெருந்தேவை இருந்தது. அங்குத் தச்சன் மாதச் சம்பளக்காரன் ஆனான். மூட்டை அவன் வகுக்கவில்லை, வரைபடம் வகுத்தது. 1955 அக்டோபர் 2 இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டு, முழுதும் எஃகாலான பெட்டிகள் வரத்தொடங்கின. மரக்கட்டைகள் இருந்த இடத்தில் பின்னர்க் கற்காரைக் கட்டைகள் வந்தன. ஒரு நூற்றாண்டுக்குள் இருப்புப்பாதை தச்சனை அழைத்துக்கொண்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவனை விடுவித்தும் விட்டது.

தோல் பதனிடும் தொழிலோடும் நம் தொழிலுக்குள்ள உறவை இளைஞர் அறியார். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் ஓங்கியிருந்தது. தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் பெரிய உருளைகள் மரத்தாலானவை. உள்ளே தோலைப் புரட்டுவதும் மரமுளைகளே. ஏன்? பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்தில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். தோலிற் கறை விழும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே இயல்பாலன்றோ? ஈரம்பட்ட மரத்தில் இரும்பாணியைச் சுற்றிக் கருமை படர்ந்து மரம் நைவதைக் கண்டவர், இரும்பாணிக்கு மாறாக மரமுளை அறைந்ததன் காரணத்தை உணர்வர். மறுபுறத்தில், தோலிற் கழிந்த துண்டுகளைக் காய்ச்சி எடுத்த வச்சிரமே தச்சன் பசையாயிருந்தது. வச்சிரம் சூட்டிற்கும் ஈரத்திற்கும் இளகும்; ஆகவே பழுதுற்ற நாற்காலியைக் கழற்றி மீண்டும் கூட்டலாம். 1959 இல் பெவிகால் என்னும் செயற்கைப் பசை வந்தது. காய்ச்ச வேண்டுவதில்லை, பிடிப்பும் வலிது. அதனால் தொழில் எளிதாயிற்று. ஆயினும் அப்பசையால் ஒட்டியதைப் பழுதின்றிக் கழற்றுதல் அரிது. பசையும் திருகாணியும் மலிந்தபின், மூட்டு நன்றாயிருக்கவேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது.

கழற்றுதல் என்றதும் கண்டதொன்று நினைவிற்கு வருகின்றது. சில திங்களுக்குமுன் எம் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தனர். வாசற்கால் நிலையைக் கடப்பாரையால் உடைத்து விறகிற்கு விற்க ஆயத்தமாயினர். அவ்வழிச் சென்ற முற்கூறிய பெரியவர் அவர்களை நிறுத்தினார். நிலையின் மூலைகளைத் தடவிப் பார்த்தார். முளைகளின் சிறுத்த முனை எப்பக்கம் என்பதைக் கண்டார். அப்பக்கத்தில் ஒரு மரத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் நான்கு முறை தட்டினார். முளைகள் மறுபக்கம் வெளிவந்தன. நால்வர் பிடித்து இழுக்க, நிலை நான்கு துண்டாகப் பழுதின்றிக் கழன்றது. கழுந்தின்மேல் உளி பட்ட சுவடு அன்று செதுக்கியதுபோல் இருந்தது. கழுந்திலுள்ள துளையை ஒரு நெல்லளவு உள்தள்ளி இட்டிருப்பதால், முளை ஏறுந்தோறும் மூட்டு இறுகும் என்று அவர் காட்டினார். பசையும் இல்லை, இரும்பும் இல்லை. அந்த நிலை இன்று வேறொரு வீட்டில் நிற்கின்றது.

அன்று மாலை மயமதத்தின் அம்மூட்டு அத்தியாயத்தை அவர்க்குத் தமிழிற் சொன்னோம். மேஷயுத்தத்தின் இலக்கணத்தைக் கேட்டதும் சிரித்தார். ஒரு மரத்துண்டை எடுத்து மூன்றிலொரு பங்கைக் கோடிட்டுக் காட்டி, "இதற்கா இவ்வளவு பெரிய பெயர்?" என்றார். அர்த்தபாணியையும் உடனே அறிந்துகொண்டார். சூகரக்கிராணத்தைக் கேட்டதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, தம் தந்தையார் தேர்வேலையில் அத்தகையதொன்றைச் செய்யக் கண்டதாகவும், தாம் செய்ததில்லை என்றும் கூறினார். ஒரு தலைமுறையில் ஒரு மூட்டு மறைந்ததை எம் கண்ணெதிரே கண்டோம். அவர் மகன் தோற்காலணித் தொழிற்சாலையில் வேலைசெய்கிறார். பெயரன் பொறியியல் படிக்கிறான். பெரியவரின் கையோ இப்பொழுது சிறிது நடுங்கத் தொடங்கியிருக்கிறது.

பிற நாட்டார் இத்தகைய நிலையில் என் செய்தனர்? சீனத்தில் 1103 இல் அச்சிட்டு வெளிவந்த யிங்சாவ் ஃபாஷி என்னும் கட்டடநூல், பிற்காலத்தில் அந்நாட்டறிஞர்க்கே விளங்காத நூலாயிற்று. லியாங் சுச்செங் என்னும் அறிஞர் அதனைப் பயிலப் புகுந்து, ஏட்டைமட்டும் நம்பாது, பெய்ஜிங்கில் அரண்மனை வேலைசெய்த முதிய தச்சர்களைத் தம் ஆசிரியராகக் கொண்டார். கட்டடங்களையே பாடநூலாகக் கொண்டார். அங்ஙனம் கற்றதை 1934 இல் நூலாக வெளியிட்டார். ராம் ராஸ் நூல் வெளிவந்து சரியாக 100 ஆண்டு கழிந்தபின் சீனத்திலும் நூல் கையினிடமே சென்று பொருள் கேட்டது. ஜப்பானியர் ஹோரியூஜி என்னும் கோயிலின் 1300 ஆண்டுப் பழமையுள்ள மரக்கட்டடங்களைக் கழற்றியும் பூட்டியும் காத்து வருகின்றனர். அவர்தம் மரக்கட்டடத் திறன்களை 2020 இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. நம் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பத்மநாபபுரம் அரண்மனை நிற்கின்றது. மரவினையின் மேன்மையைக் காணவிழையும் நம் குடும்பத்தார் ஒருமுறையேனும் அங்குச் சென்று வரக்கடவர்.

இதுகாறும் கூறியது கேட்ட இளைஞர், "எங்களை மீண்டும் உளி பிடிக்கச் சொல்லுகிறீரோ?" என்று வினவக்கூடும். வினா நியாயமானதே, அதனை யாம் மறைத்துச் செல்லோம். 1953 இல் சென்னை மாகாணத்தில் பள்ளிநேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் கற்கவேண்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954 இல் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்றே. நடுவணரசு 2023 இல் விசுவகர்மா பெயரால் கைவினைஞர்க்கு ஒரு திட்டம் தொடங்கியபொழுதும் இவ்வச்சம் மீண்டும் எழுந்தது. தமிழ்நாட்டரசு அதனை அவ்வடிவில் ஏலாது, குடும்பத்தொழில் என்ற நிபந்தனையற்ற கைவினைத் திட்டமொன்றை 2025 இல் தொடங்கிற்று. பிறப்பினால் ஒரு பிள்ளையின் கையில் உளியைத் திணிப்பதும், பிறப்பினால் ஒரு பிள்ளையின் கையிலிருந்து உளியைப் பறிப்பதும் எமக்கு ஒருங்கே உடன்பாடல்ல.

இதற்கு நம் நூலே வழிகாட்டுகின்றது. நூல்பிடித்து அளக்கும் சூத்திரக்கிராகி ஸ்தபதியின் மகனாகவேனும் மாணாக்கனாகவேனும் இருக்கலாம் என்பது மயமதத்தின் விதி. மகன் இல்லையாயின், அன்றி மகன் வேறு தொழில் விரும்பின், மாணாக்கன் போதும். அம்மாணாக்கன் இன்ன குலத்தான் ஆகவேண்டும், ஆணாகவேண்டும் என்று நாம் வேலியிடின், வித்தை நம் வேலிக்குள்ளேயே மடியும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பல குலத்துப் பிள்ளைகளும் தச்சுத்தொழில் கற்கின்றனர். அவர்கள் நமக்கு அயலாரல்லர். வித்தையின் வழியே நம் உறவினர். எந்திரத்தையும் நாம் பகைக்க வேண்டா. கணினி வழி இயங்கும் செதுக்குப்பொறி ஒரு நாளில் ஒரு கதவைச் செதுக்குகின்றது; நம்மவர் பலர் அதனால் வாழ்கின்றனர். ஆயினும், எந்த மரம் எவ்வாறு சுருங்கும், எந்த மூட்டு எந்தப் பளுவைத் தாங்கும் என்பதை அப்பொறிக்கு ஒருவன் சொல்லியாகவேண்டும். அது சொல்லத் தெரிந்தவன் இல்லாதவிடத்துப் பொறி அழகிய குப்பையையே செய்யும்.

ஆகவே நம் சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன சிலவே. முதலாவது: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைத்து, வீட்டிலுள்ள முதியவர் வழங்கும் கருவிப்பெயர், மரப்பெயர், மூட்டுப்பெயர், அளவுப்பெயர் ஆகியவற்றை அவர் சொல்லும் வண்ணமே பிள்ளைகள் எழுதவேண்டும். பண்டிதத் தமிழாக மாற்றி எழுத வேண்டா; திருத்தும் பிழையை எம்போலியர் பின்னர்ச் செய்துகொள்வர். இரண்டாவது: பழைய உளி, வாய்ச்சி, இழைப்புளி, முழக்கோல் இவற்றைப் பழைய இரும்புக்கும் விறகுக்கும் போடுமுன் சங்கத்திற்கு ஒரு சொல் அறிவிக்கவேண்டும். மூன்றாவது: சங்கக் கட்டடத்தில் ஒரு தட்டமைத்து, ஒருசாண் நீளமுள்ள மரத்துண்டுகளில் மூட்டுக்கள் ஒவ்வொன்றையும் செய்து, கழற்றிப் பூட்டத்தக்கனவாக வைத்து, கீழே வீட்டுப்பெயரையும் நூற்பெயரையும் ஒருங்கே எழுதிவைக்கவேண்டும். ஆண்டுக்கூட்டத்திற்கு வரும் ஆண்பிள்ளை பெண்பிள்ளை அனைவரும் அவற்றைக் கையாற் கழற்றிப் பார்க்கட்டும்.

மேற்கூறிய பெரியவர் ஆறு மூட்டுக்களைச் செய்துதர இசைந்திருக்கிறார். கோடிடுவது அவர், செதுக்குவது, முன்னர் வினாவெழுப்பிய அம்மாணவன். அவன் நம் குலத்தவனல்லன். முதல் மூட்டு முடிந்துவிட்டது. கழுந்து துளையிற் சற்றுத் தளர்வாகவே இருக்கின்றது. அதனைப் பெரியவர் இன்னும் ஏற்கவில்லை. இரண்டாவது துண்டு எடுத்துக்கொடுத்திருக்கிறார். பேர்கள் அறிந்து எழுதிவைக்கும் பணியை யாம் ஏற்றுக்கொண்டோம். ஏனைய ஊர்களிலுள்ள நம்மவரும் தத்தம் தெருக்கோடியிலுள்ள முதியவரை இன்றே சென்று காண்பார்களாக. மரம் காத்திருக்கும், முதுமை காத்திராது.

சுபம்.